மாம்பழ வாசனை

என் வீட்டுக்காரர் தன் மலச்சிக்கல் தீர்ந்துபோனதை ஊரே கொண்டாடும் என்று எதிர்பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றதும் ஒரு மன்றம் ஆரம்பித்துவிட்டார்.

பெயர் இளையபெருமாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. எழுபத்தொன்பதாம் வருஷம் எங்கேயோ ஒரு இயற்கை வைத்திய முகாமுக்குப் போய், பச்சைக் காய்கறியும் முளைகட்டின பயறும் தின்று, அடிவயிற்றில் மண்பட்டி போட்டுக்கொண்டு, வருஷக்கணக்காக வாட்டின தொல்லை நீங்கித் திரும்பி வந்தார். நல்லதுதானே, நிம்மதியாக வேலைக்குப் போகலாமில்லையா? அடுத்த மாதமே எங்கள் வாசலில் போர்டு தொங்கியது. 'இயற்கை நலவாழ்வு மன்றம், காரைக்கால்'. அதற்குக் கீழே சிவப்பில் 'மருந்தே நோய்'. அந்தப் போர்டுக்கு அடியில் குனிந்துதான் தினமும் நான் கோலம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம். வந்தவர்களுக்கு உப்பில்லாத பயறு. கருக்களாச்சேரியிலிருந்து மீன் விற்க வரும் காசியம்மாவும் அவர் கூட்டாளிகளும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து உட்காருவார்கள். உப்பை விடுங்கள், மீனை விடுங்கள் என்று இவர் அவர்களிடமே ஒரு மணி நேரம் முழங்குவார். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் மீன் விற்கப் போவார்கள். ஆனாலும் அடுத்த ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார்கள். எதற்காக வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் மன்றத்தின் நோட்டீசைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் அதில் பேனா நிப்பைத் துடைத்துக்கொண்டு, "எனிமா சாமியார் வந்திருக்கார் பாருங்க" என்று நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். சாப்பிட என்ன இருந்தது, ஊறவைத்த பயறுதானே.

இந்தக் கூத்தையெல்லாம் நான் வேடிக்கைதான் பார்த்தேன். என் அண்ணன் அதில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சண்டையில் இறங்கினேன்.

முத்தையன் அண்ணனுக்குச் சுரக்குடியில் விவசாயம். ராஜம் அண்ணி இறந்துபோன பிறகு சர்க்கரை வியாதி முற்றி, தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கே போட்டுவிட ஆளில்லாததால் எங்கள் வீட்டோடு வந்து தங்கினார். ஒரு நர்சிடம் கற்றுக்கொண்டு காலையும் மாலையும் நான்தான் போட்டேன். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டுவிட்டு, மருந்தை எடுக்கப் பக்கத்து வீட்டு ழனின் அம்மாவிடம் ஓடுவேன். ழனின் என்பது அவருடைய பிரெஞ்சுப் பெயர். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். எங்கள் தெருவில் பிரிட்ஜ் இருந்தது அந்த ஒரு வீட்டில்தான். அங்கே வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் என் அண்ணன் உயிர் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அவரைக் காய்ச்சி எடுப்பார். "சோத்தைக் குறைன்னா கேக்கறியா நீ? காலை வெட்டினாத்தான் புத்தி வரும்." அறுபதை நெருங்கின மனுஷன், நாலு பேர் பார்க்கக் கைகட்டி நிற்பார். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மச்சான். ராத்திரி தூக்கம் வந்துச்சா? கால் எரிச்சல் எப்படி இருக்கு?" என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். பதிலைக் காது கொடுத்துக் கேட்பார். அப்படி விசாரித்து விசாரித்தே ஒரு நாள் ஊசியை நிறுத்த வைத்துவிட்டார்.

"இனிமே வேணாம் வல்லி," என்றார் அண்ணன். "மாப்ள சொல்றதையும் செஞ்சுதான் பாப்பமே."

"அவருக்கு வெளிக்கு ஒழுங்காப் போச்சுண்ணே. அதுக்கும் உங்க சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "உனக்கு இதெல்லாம் புரியாது வல்லி. நம்ம உடம்புதான் நமக்கு டாக்டர்."

சண்டை போட்டேன், அழுதேன், சமைக்க மாட்டேன் என்றேன். சமைக்காவிட்டால் இன்னும் நல்லது என்றார். அண்ணன் வாழை இலையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் கிடந்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சட்டை தொளதொளவென்று ஆனது. கழிவு வெளியேறுகிறது என்று மன்றத்தில் கைதட்டினார்கள்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வேண்டிக்கொண்டவர்கள் மொட்டை மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே கூட்டம் மடியேந்திப் பிடிக்கும். பிடித்த பழம் பிரசாதம், அதை வேண்டாம் என்று சொல்கிற நாக்கு காரைக்காலில் கிடையாது. மாம்பழத்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சர்க்கரை வந்த நாளிலிருந்து அண்ணன் திருவிழாவன்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார். இந்த வருஷம் மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. பழம் இயற்கை உணவாம். சாமியும் கொடுக்கிறார், மாப்பிள்ளையும் கொடுக்கிறார், பிறகென்ன? துண்டை விரித்துப் பிடித்துத் துண்டு நிறையக் கொண்டுவந்து, முழங்கையில் சாறு வழியச் சாப்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அண்ணி போன பிறகு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்தார். நெடுந்தூரம் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் குனிந்து அவர் முகத்தருகே முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க வா வல்லி. மச்சானோட மூச்சே பழமா மணக்குது. அழுக்கெல்லாம் போயி உடம்பு சுத்தமாயிடுச்சு."

நானும் முகர்ந்தேன். மணந்தது உண்மைதான். வீடெல்லாம் மாம்பழம், தெருவெல்லாம் கொட்டை, ஊரெல்லாம் அதே வாசனை. வேறு ஊராக இருந்தால் யாருக்காவது சந்தேகம் தட்டியிருக்கும்.

"அண்ணே," என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ராஜம், மாட்டைப் புடிச்சுக் கட்டினியா?" என்றார்.

ழனின் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய் ரிக்‌ஷாவைப் பிடித்து வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கும்போது, "ஒரு எனிமா குடுத்துப் பாத்துட்டு அப்பறம் போகலாமே," என்று இவர் குவளையும் கையுமாக வந்து நின்றார். அதைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணன் முகத்தருகே ஒரே ஒரு தடவைதான் குனிந்தார். "எத்தனை நாளா ஊசி போடல?"

சொன்னேன்.

"இது மாம்பழ வாசனை இல்லம்மா. சர்க்கரை முத்தி ரத்தமே விஷமாகும்போது மூச்சுல வர்ற வாசனை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பொணத்தைத்தான் தூக்கிட்டு வந்திருப்ப." அண்ணன் கண் விழிக்கிறவரை அவர் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. என்னையும் அண்ணனையும் என் வீட்டுக்காரரின் வம்சத்தையும் திட்டிக்கொண்டே காப்பாற்றினார். அவருக்கு அந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்யத் தெரியாது.

இத்தோடு போர்டு இறங்கிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து இவர் மெல்ல விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மன்றத்தின் பயிற்சியால்தான் மச்சானின் உடம்பு அவ்வளவு பெரிய சோதனையைத் தாங்கியதாம். ஆவணியில் ஆண்டு விழா, மேடையில் மச்சானே சாட்சி. கேட்டதும் நேரே அண்ணனிடம் போனேன்.

"நீங்க ஏன்ணே ஒத்துக்கிட்டீங்க?"

"தங்கச்சி வீட்டுல இருந்துக்கிட்டு மாப்ளகிட்ட எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"

அண்ணன் அந்த மேடையில் உட்கார்ந்தால், கீழே எத்தனை பேர் வீட்டுக்குப் போய் ஊசியைத் தூக்கி எறிவார்களோ. அண்ணனும் தன் சாட்சியைத் தானே நம்பிவிட்டால் என்ன செய்வேன்?

ஆண்டு விழா அன்றைக்குச் சாயங்காலம், ஊசி நேரம். சிரிஞ்சைக் கொதிக்க வைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். ழனின் அம்மா மருந்தை ஐஸில் வைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கல்யாண மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. 'மருந்தே நோய்' என்ற துணிக்குக் கீழே அண்ணன் மாலையோடு, பலிக்குக் கட்டின ஆடாக உட்கார்ந்திருந்தார். நான் நேரே மேடையில் ஏறினேன்.

"வல்லி, இப்ப வேணாமே..." இவர் முணுமுணுத்தது மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கையைக் காட்டுங்கண்ணே."

அண்ணன் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். போட்டு முடித்துப் பஞ்சால் அழுத்தினேன். அண்ணன் மைக்கை நோக்கிக் குனிந்து, "இது இல்லேன்னா நான் ஆனியிலயே போயிருப்பேன்," என்றார். அவ்வளவுதான் சாட்சி.

கல்லெறிந்தாலும் பரவாயில்லை என்று நின்றேன். முன்வரிசையிலிருந்து காசியம்மா எழுந்து மேடையோரம் வந்தார்.

"ஏங்க, வலிக்காமத்தான் போடுறீங்க. எனக்கும் சர்க்கரைதாங்க. ஆஸ்பத்திரியில திட்டிக்கிட்டே குத்துறாங்க, மீன் நாறுதுன்னு மூக்கைப் பொத்துறாங்க. அதனாலதான் அங்கன போறதை விட்டுட்டேன். இங்க ஐயா உக்காரச் சொல்லுவாரு, என்னா ஏதுன்னு கேப்பாரு. என் சீட்டும் மருந்தும் கொண்டாந்தா நீங்க போட்டு விடுவீங்களா?"

சண்டைக்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் ஞாயிறு தோறும் வந்தது பயறுக்கும் இல்லை, இயற்கைக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் படித்த மேதையிடம் கிடைக்காத ஒரு நாற்காலிக்காக, இந்த முட்டாளிடம் வந்து உயிரை அடகு வைத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மைக்கை விட்டுவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கிவந்து காசியம்மாவுக்குப் போட்டார்.

"உக்காருங்கம்மா. எத்தனை நாளா ஊசி போடல?"

காசியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் பாய்ந்துபோய் அவர் முகத்தருகே குனிந்து மூச்சை முகர்ந்தேன். வெற்றிலையும் மீனும்தான் மணந்தன, பழ வாசனை இல்லை. மேடை என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.