அந்த எட்டு ஆட்டங்களை ஆடியது யார்?

1

இந்தக் கதை எனக்கு உணவுக்கூடத்து வானொலியிலிருந்து கிடைத்தது. அயோவா மாநிலத்திலுள்ள எங்கள் ஹால்பர்ன் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் விக்கர்ட் உள்ளூர் நிலையத்துக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கடைசி எட்டு ஆட்டத்த வெச்சு எங்கள எடை போடாதீங்க. அது நாங்களே இல்ல" என்றார்.

எனக்கு எதிரே, காரமான பீன்ஸ் சில்லிக் குழம்பில் இனிப்பு சின்னமன் ரோலை முக்கித் தின்றுகொண்டிருந்தவன் ஆர்லோ ப்ராண்ட்வோல்ட். என் அறைத்தோழன். அந்த எட்டு ஆட்டங்களிலும் பந்தை நடத்திச் சென்றவன்.

வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்: "அப்ப நான் எங்கடா இருந்தேன்?"

கல்லூரி இதழில் கிண்டல் பத்தி எழுதுகிறவன் நான். இந்தக் கேள்வி பத்தியில் அடங்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அயோவாவின் பனிவயல்களுக்கு நடுவே ஒரு கனவு…' அடித்துவிட்டேன். வயல்களுக்கு நடுவே இருப்பது பன்றிப் பண்ணை.

இரண்டாவது: 'தேமியன் காட்ரெலின் பாத எலும்பு விரிசல் விட்ட சத்தம் அரங்கம் முழுவதும்…' அப்படி எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரன் பிப்ரவரியில் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றான், பிறகு தரையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

ஆகவே தொடக்கத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். தேமியன் ஆடியவரை நாங்கள் தோற்றது அபூர்வம். அவன் இடத்துக்கு ஆர்லோ வந்தான். நான்கு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றோம். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், மூன்று வென்றோம். எட்டாவது, எங்கள் லீக் கோப்பையின் அரையிறுதி. ஒரு புள்ளியில் தோல்வி. ஆர்லோ கடைசியாக எறிந்த பந்து வளையத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, மனம் மாறி வெளியே வந்தது.

கோப்பையை வென்றிருந்தால் தேசியப் போட்டிக்கு நேரே போயிருப்போம். இப்போது ஒரு ஹோட்டலில் கூடியிருக்கும் தேர்வுக் குழு பார்த்து இடம் கொடுத்தால்தான் உண்டு.

(இடையில் ஒன்று: முன்பெல்லாம் கடைசிப் பத்து ஆட்டங்களைக் குழு தனியாக எண்ணுமாம். இப்போது எண்ணுவதில்லை என்கிறார்கள். எண்ணாமல் பார்க்கிறார்கள்.)

3

காயத்தையும் குழு கருத்தில் கொள்ளும். முக்கியமான ஆள் இல்லாதபோது வந்த தோல்விகளை, அவன் திரும்பி வருவதாக இருந்தால், கொஞ்சம் மன்னிக்கும். அவன் வரமாட்டான் என்றால், அவன் இல்லாத அணி எப்படியோ அப்படித்தான் மதிப்பிடும்.

விக்கர்ட்டின் வாதம் இதிலிருந்து பிறந்தது. தேமியன் திரும்பி வருகிறான். ஆகவே ஐந்து தோல்விகளும் எங்களுடையவை அல்ல. ஆனால் இடையில் வந்த மூன்று வெற்றிகள்? அணி நல்ல வேகத்தில் இருக்கிறது என்பதற்கு அவை சான்றாம். அதே ஆர்லோ தோற்றபோது இல்லை, வென்றபோது மட்டும் இருந்திருக்கிறான். எங்கள் தத்துவத் துறை இதை இன்னும் கவனிக்கவில்லை.

[விக்கர்ட்டை வில்லனாக எழுதிக்கொண்டே போகிறேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. தேசியப் போட்டிக்கு உள்ளே போக அதுதான் சிறந்த வழி என்று உண்மையாகவே நம்பினார். அது சரியாகவும் இருக்கலாம். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குள்ள சந்தேகமே, அவர் சொல்வது சரியோ என்பதுதான்.]

4

வெள்ளிக்கிழமை மதியம் தேமியன் எங்கள் அறைக்கு வந்தான். நாங்கள் இரண்டாம் மாடி. ஒரு படிக்கு இரண்டு கால்களையும் வைத்து ஏறி வந்தான். எங்கள் பாட்டன் வயது ஆட்கள் அப்படி ஏறுவார்கள்.

"நாளைக்குப் பயிற்சிய டிவிக்காரங்க படம் எடுக்கறாங்க. ரெண்டு தடவ ஓடி, ஒரு தடவ குதிச்சுக் காட்டுன்னு கோச் சொல்றாரு. குழு அதப் பாக்குமாம்."

"குதிப்பியா?" என்றான் ஆர்லோ.

"குதிப்பேன். எறங்கறதுதான் கஷ்டம்."

"ஓடிக் காட்டிரு மச்சி. எனக்கு உள்ள போகணும்."

"உள்ள போனா ஆடறது யாரு?"

"நீதான்."

"இந்தக் கால வெச்சுக்கிட்டா?"

"மூணு நிமிஷம் ஆடு. அப்புறம் கோச் என்ன எறக்குவாரு."

"அடப்பாவி, அப்ப நீதானடா ஆடப்போற. எதுக்கு நீ இல்லவே இல்லன்னு நான் போய் குதிச்சுக் காட்டணும்?"

ஆர்லோ மெத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏன்னா, என்ன மட்டும் பாத்தாங்கன்னா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதக் கேக்கறதுக்கு இது மேல்."

5

மேலே உள்ள பகுதியை ஆர்லோவிடம் படிக்கக் கொடுத்தேன்.

"என்ன ரொம்பப் பாவமா எழுதியிருக்க."

"நீ சொன்னத அப்படியே எழுதியிருக்கேன்."

"அதான் சொல்றேன், மாத்து. அந்த மூணு ஜெயிச்சத ஒரே வரில முடிச்சுட்ட. தோத்த பந்துக்கு மட்டும் சுத்து எண்ணியிருக்க. நீயும் அந்த ஹோட்டல்ல போய் உக்காருடா."

(திருத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் எழுதவும் முடியவில்லை.)

6

சனிக்கிழமை. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். விக்கர்ட் விசில் ஊதினார். தேமியன் ஓடினான்; ஆடுகளத்தின் நடுக்கோடுவரை. அங்கே உட்கார்ந்து காலணியைக் கழற்றினான். நீட்டிய மைக்கில் சாவகாசமாகச் சொன்னான்:

"இந்த மாசம் நான் ஆடமாட்டேன். இது ஆர்லோ நடத்தற டீம். அந்த எட்டு ஆட்டமும் நாங்கதான்."

விக்கர்ட் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா சொன்ன? இனி என்னத்தான பாப்பாங்க" என்றான் ஆர்லோ.

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பயம் என்று எழுதினேன். அடித்தேன். பெருமிதம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவன் போய்த் தனியாகப் பந்து எறிய ஆரம்பித்தான்.

7

ஞாயிறு மாலை. மாணவர் அரங்கில் பெரிய திரை, பீட்சா, எல்லோரும். தேசியப் போட்டிக்குத் தேர்வான அணிகளின் பெயர்களை நான்கு பிரிவுகளாகத் தொலைக்காட்சியில் சொல்வார்கள். மூன்று முடிந்துவிட்டன, நான்காவதில் ஒரே ஓர் இடம் பாக்கி. நாங்கள் இன்னும் வரவில்லை.

முடிவு அ: எங்கள் பெயர் வருகிறது, எல்லோரும் குதிக்கிறார்கள். உண்மை சொன்னவனுக்குப் பரிசு. இதைப் பள்ளிப் பாடநூலுக்கு அனுப்பலாம்.

முடிவு ஆ: வரவில்லை. விக்கர்ட் சரி. ஆர்லோ பாவம். பாவமாக எழுதக் கூடாது என்று தடை இருக்கிறது.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். பழைய செய்தித்தாளில் உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் எந்த முடிவை எழுதினாலும் அது ஆர்லோவைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. அந்த வேலைக்கு ஆட்கள் ஏற்கெனவே ஹோட்டலில் இருக்கிறார்கள். ஆகவே அறிவிப்புக்கு முந்தைய நொடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களை நேரலையில் காட்ட வந்திருக்கும் படப்பிடிப்பாளர், வழக்கம்போல, கேமராவைத் தேமியன் முகத்துக்கு நேராகக் கொண்டுவருகிறார். தேமியன் உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் வைத்து, மெதுவாக, இடப்பக்கம் திருப்பிவிடுகிறான். அங்கே ஆர்லோ. திரை முழுக்க அவன் முகம். வேறு யாரும் அதில் இல்லை.

அறிவிப்பாளர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்கிறது. குழு பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்தீர்கள், குழு பார்க்காத மாடிப்படியையும் சேர்த்து. அந்தக் கடைசி இடத்துக்கான பெயரை நீங்களே சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.