தேதி இல்லாத விடுப்புக் கடிதம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அண்ணி ஒரு பிரசவ விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். "மேற்படி விடுப்பை" என்பது வரை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அடுத்து தேதி வர வேண்டும். "எந்தத் தேதி அண்ணி?" என்றேன். அவள் ஃபேனைப் பார்த்தாள். நான்கு நாளாகியும் பதில் வரவில்லை. அந்த நான்கு நாளில் நோட்டின் பின்பக்கம் இது வளர்ந்துவிட்டது.

(அண்ணிக்கு மலர்க்கொடி என்று பெயர் மாற்றியிருக்கிறேன். நோட்டு அவள் கையில் சிக்கினால் "இது வேற யாரோ" என்று சொல்லிவிடலாம். அதற்குள் திருவொற்றியூரில், லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் இன்னொரு கர்ப்பிணியைத் தேடி வைக்க வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: கடல் அலைகள் ஆர்ப்பரிக்க, மலர்க்கொடி தன் வயிற்றைத் தடவியபடி...

இல்லை. எடைமேடையிலிருந்து கடல் தெரியாது. கன்டெய்னர்தான் தெரியும்.

இரண்டாவது: தாய்மை என்பது...

இது கட்டுரைப் போட்டி.

மூன்றாவது: மலர்க்கொடிக்கு அன்று காலையிலேயே ஐந்தாவது முறையாக ஒன்றுக்கு வந்தது.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மலர்க்கொடிக்கு அன்று காலையிலேயே ஐந்தாவது முறையாக ஒன்றுக்கு வந்தது. கழிப்பறை யார்டின் அந்தக் கோடியில் இருந்தது. மேடையில் ஒரு டிரெய்லர், பின்னால் பதினொன்று. பாரம் ஏற்றிய வண்டி மேடைக்கு வந்தால் அவள் உட்கார்ந்திருக்கும் கேபின் அதிரும். காலி வண்டிக்கு அதிராது. பார வண்டிக்கு மட்டும் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது.*

காலித் பாய் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் எழுந்திருக்கக் கூடாதென்று தானே இறங்கி ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டினார்.

"இன்னா தங்கச்சி, இன்னும் லீவு போடலியா? கேபினே ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது."

"நீ மொதல்ல உன் தொப்பைய எறக்கி வெச்சிட்டு வண்டிய ஏத்து பாய். அப்பால என் லீவப் பத்திப் பேசலாம்."

பாய் சிரித்துக்கொண்டே போனார். அவள் வீங்கிய கால்களைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, நூறாவது முறையாகக் கணக்குப் போட்டாள். சம்பளத்தோடு விடுப்பு இருபத்தாறு வாரம். டாக்டர் சொன்ன நாள் நவம்பர் இருபது. அதற்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். முன்னால் எடுக்கிற ஒவ்வொரு வாரமும் பின்னால் பிள்ளையோடு இருக்கிற வாரத்திலிருந்து கழியும். விடுப்பு முடிந்த மறுநாள் பிள்ளை யார் கையில் இருக்கும்? அவளுடைய கேள்வி அது ஒன்றுதான்.

(* உதையை நான் சேர்த்தேன். நடந்திருக்கலாம்.)

4

வீட்டில் அவள் மாமியார் சிவந்தி வேறு கட்சி. காசிமேட்டில் மீன் விற்கிறவர். விடியுமுன் போனால் மதியம்தான் திரும்புவார்.

"நான் உன் புருசன வயித்துல வெச்சிகினே மீன் கூடைய தூக்கினவ. அது ஒண்ணும் பெருமையில்ல. அப்ப எனக்கு வேற வழியில்ல. உனக்குத்தான் வழி கீதுல்ல? வூட்ல குந்து."

"இப்பவே குந்திட்டா, அப்பால புள்ளைய யாரு பாக்கறது அத்தே?"

இந்த இடத்தில் சிவந்தி ஒரு பதில் சொன்னார். அதை நான்

(அப்புறம் வருகிறேன்.)

5

இப்போது என் தவறு. கடிதத்தின் முதல் படியில், "எனக்கு ஒன்பதாவது மாதம் என்பதால்" என்று அழகாக எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் கணக்கு பத்து மாதம். மாதம் பிறந்தால் போதும், அது அந்த மாதம்தான். மேனேஜர் ஜெபசிங் சாருக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தேதி போடாத கடிதத்தை வாங்கிப் படித்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, ஒன்பதாவது மாசத்தை வச்சிக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்க? வலி வந்தா எப்படிப் போவ? வெளிய எத்தன டிரெய்லர் நிக்கி, பாத்தியா?"

"சார், ஒம்போது இப்பத்தான் ஆரம்பிச்சிகீது."

"ஆரம்பிச்சிட்டா? ஏல, எவனாவது ஆட்டோவக் கூப்பிடுங்கல."

"மாசம் சார். மாசம் ஆரம்பிச்சிகீது."

அவர் நம்பவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "நாளைக்குத் தேதி போட்டுக் கொண்டா. தேதி இல்லாம எனக்கு நெஞ்சு தாங்காது," என்றார்.

அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் அந்தப் படியைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டேன்.

6

இனி மறைக்க முடியாது. இந்தக் கதையில் ஓர் ஆளை விட்டுவிட்டேன். மலர்க்கொடிக்கு ஒரு நாத்தனார் உண்டு. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாள். வினிதா என்று வைத்துக்கொள்வோம். நான்காவது பகுதியில் சிவந்தி சொன்ன பதில் இதுதான்:

"ஏன், இவ வூட்ல சும்மாதான கீறா? இவ பாத்துப்பா."

மலர்க்கொடி வினிதா பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவள விடு அத்தே. இவ ஏப்ரல்ல பத்தாவது எழுதறா. நான்தான் பரீட்சைக்கு ஃபாரம் போட்டு கீறன்."

வினிதாவுக்கே அது அப்போதுதான் தெரியும். போன வாரம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியது ரேஷன் கார்டுக்கு என்று நினைத்திருந்தாள்.

அப்போதுதான் கணக்கு எனக்கு (அவளுக்கு) விளங்கியது. இப்போதே, இந்தச் செப்டம்பரிலேயே விடுப்பு எடுத்தால் மார்ச்சில் முடியும். பரீட்சை வரும்போது பிள்ளை வினிதா மடியில் இருக்கும். நவம்பர் வரை இழுத்தால் விடுப்பு மே மாதம் வரை வரும்.

7

முடிவுகள்.

அ. நாளை மறுநாளே விடுப்பு. மலர்க்கொடி காலை நீட்டித் தூங்குகிறாள். ஏப்ரலில் வினிதா பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே இன்று என்ன கேள்வி வந்திருக்கும் என்று யோசிக்கிறாள்.

ஆ. நவம்பர் பதிமூன்று. வினிதா பரீட்சை எழுதுகிறாள். அதற்கு விலை, யார்டின் அந்தக் கோடிக்கு இன்னும் ஏழு வாரம் நடக்கிற இரண்டு கால்கள்.

இ. மலர்க்கொடிக்கு வழியில் வலி வருகிறது. எல்லா டிரெய்லரும் விலகி வழி விட... அடித்துவிட்டேன். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் விலகுவதைக் கதையில்கூட நான் நம்ப மாட்டேன்.

ஈ. அக்டோபர் நடுவில். எல்லாருக்கும் பாதி. இரண்டு பரீட்சை மட்டும் விடுப்புக்கு வெளியே நிற்கும். அநேகமாக அறிவியலும் சமூக அறிவியலும். அதற்கு வேறு யாராவது, ஒருவேளை எம்.கே.பி. நகரிலிருந்து மலர்க்கொடியின் அம்மா...

சீக்கிரம் போடச் சொன்னால் எனக்கு நல்ல பெண் என்று பேர் வரும். தள்ளிப் போடச் சொன்னால் பரீட்சை கிடைக்கும். இரண்டிலும் வரவு எனக்கு, வீக்கம் அவளுக்கு. இப்படிப்பட்டவள் எழுதுகிற முடிவை நீங்கள் நம்பக் கூடாது. அவளிடமே இன்னொரு முறை கேட்டால் நான் முன்பு சொன்ன ஃபேனைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். அது இன்னும் மோசம்.

அதனால் தேதியை நீங்களே போட்டுவிடுங்கள். பேனாவில் போடுங்கள். பென்சில் என்றால் அண்ணி அதை அழித்துவிட்டு இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிடுவாள்.