எதிர்த்து நிற்க ஒரு ஆள்

பள்ளியில் அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். காலையில் குளியலறைக்குள் யார் முதலில் போவது என்பதற்குக்கூட வீட்டில் நின்று வாதாடுகிறாள் என்று ஒருநாள் பள்ளி வாசலில் தோழிகள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனான். அன்றே ஒட்டிக்கொண்டது. ஆசிரியர்களுக்கே அவள் நிஜப் பெயர் மறந்துபோய், வருகைப் பதிவின்போது தடுமாறினார்கள்.

அந்த வாய்க்கு ஏற்ற இடமாக வாய்த்தது பள்ளியின் மாதிரி ஐ.நா. மன்றம். வாரத்தில் ஒரு மாலை நூலகத்து மேசைகளை லாட வடிவில் இழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நாட்டின் பெயர் எழுதிய அட்டையை முன்னால் நிறுத்திக்கொண்டு, பிள்ளைகள் உலகத்துச் சண்டைகளையெல்லாம் தீர்த்து வைப்பார்கள். எல்லைத் தகராறு, அகதிகள், ஆழ்கடல் மீன்பிடிப்பு, எதையும் விட்டுவைப்பதில்லை. தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கீழே இறங்கினால் கேன்டீன் வரிசையில் முந்தியது யார் என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அது வேறு விஷயம்.

மன்றத்தின் பொதுச் செயலாளரை ஆண்டுதோறும் மாணவர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வெளிப்பள்ளிகளெல்லாம் வந்து கூடும் பெரிய மாநாட்டை நடத்துவது அவர் பொறுப்பு. வக்கீல் அதற்குப் பெயர் கொடுத்தாள். அவளை எதிர்த்துப் பெயர் கொடுத்தவன் சோடா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், அதனால் சோடா. அவள் பேசியே ஆளைச் சாய்ப்பாள் என்றால், அவன் படித்துவிட்டு வந்து சாய்ப்பான். இருவரும் சின்ன வகுப்பிலிருந்தே சிநேகிதம். "தேர்தல் முடியிற வரைக்கும் நாம எதிரி நாடு" என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் இறந்துபோனான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து மழையில் பைக்கில் வந்தவனை, திருப்பத்தில் சறுக்கிய லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்தான் அம்மாவுக்கு வேலை. கீழே அவள் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மேலே அவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வக்கீல் மறுபடி பள்ளிக்கு வந்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எழுதினாள், சாப்பிட்டாள், மணி அடித்தால் எழுந்தாள். அழச் சொன்னார்கள். வரவில்லை. வராததைப் பற்றி வருத்தமும் வரவில்லை.

வீட்டில் சத்தம் போய்விட்டது. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் அப்பா, வழக்கம்போல விடியுமுன் போனார், மதியம் வந்து படுத்தார். அவள் எது கேட்டாலும் "சரிம்மா" என்றார். முன்பெல்லாம் 'நோ'வுக்கு முன்னால் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிற மனிதர். அம்மா மற்றவர்களின் ஷிப்டையும் கேட்டு வாங்கிச் செய்தாள். வீட்டுக்கு வந்தால் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். பரீட்சையில் வக்கீல் வாங்கிய மட்டமான மார்க்கைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள் வக்கீல். யாரோ முன்பின் தெரியாதவர் போட்டது போலிருந்தது.

தேர்தல் நெருங்கியபோது, மன்றத்தைக் கவனித்துக்கொண்ட வரலாற்று மிஸ் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். மாணவர்களை அந்த அறையில் யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"நீ ஒண்ணும் கவலப்படாதம்மா. அவன் வாபஸ் வாங்கிட்டான். போட்டியே இல்ல. நீதான்."

"சரி மிஸ்."

"சந்தோஷமா இருக்கா?"

"இருக்கு மிஸ்" என்றாள். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்பது தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து சோடா அவளைக் கண்டால் வேறு படியில் இறங்கினான். நூலகத்தில் அவள் வாய் திறந்தால் எல்லோரும் தலையாட்டினார்கள். வேண்டுமென்றே ஒருநாள் தப்பும் தவறுமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை வேண்டும் என்றாள். ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள்.

மறுநாள் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் சோடாவை மடக்கினாள். தப்பிக்க வழியில்லாமல் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மிஷின்.

"ஏன்டா விலகின?"

"சும்மாதான். படிப்பு இருக்கு."

"பொய் சொல்லும்போது கண்ணாடிய கழட்டித் தொடைக்காத."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "மிஸ் கேட்டாங்க. நானும் யோசிச்சேன். உனக்கு இப்ப ஏதாவது ஒண்ணு நல்லது நடக்கணும்னு…"

"நடந்துச்சா?"

சோடா குனிந்து தாள்களை அடுக்க ஆரம்பித்தான். மிஷின் மேலும் மேலும் துப்பிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்லயும் இப்ப யாரும் எதுத்துப் பேசுறதில்லடா" என்றாள். குரலில் கோபம் இல்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். "நான் என்ன சொன்னாலும் சரிங்கிறாங்க. இங்கயும் அப்படியே இருந்தா நான் எங்கடா போறது? மறுபடி பேர் குடு."

"தோத்துட்டா?"

"யாரு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக உடனே பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் இல்லை. மறுபடி நிற்பதாக அவனே போய் மிஸ்ஸிடம் சொன்னான். மிஸ் வக்கீலைக் கூப்பிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை.

தேர்தலன்று நூலகம் நிறைந்திருந்தது. வேட்பாளர்கள் பேச வேண்டும், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் பேசினாள். முன்பே எழுதி மனப்பாடம் செய்த பேச்சு, ஒரு சொல் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றினாள். பேசுவது யாரோ, தான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது அவளுக்கு.

கேள்வி நேரத்தில் சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி, மேசை உயரம்தான் இருப்பாள், தன் நாட்டு அட்டையைத் தூக்கினாள்.

"அக்கா, நீங்க எதுக்காகப் பொதுச் செயலாளர் ஆகணும்?"

இதற்கும் பதில் தயாராக இருந்தது. தலைமைப் பண்பு, ஒத்துழைப்பு, அமைதி என்று அழகாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

"தெரியல" என்றாள். "பேர் குடுத்தப்ப தெரிஞ்சிருந்துச்சு. இப்ப தெரியல."

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான்.

அதே கேள்வி சோடாவுக்கும் வந்தது. அவன் எழுந்து நின்றான். "முதல் வருஷம் மாநாட்டுல நான் ஒரு வார்த்தகூடப் பேசாம வீட்டுக்குப் போனேன். அட்டையத் தூக்கித் தூக்கி கை வலிச்சதுதான் மிச்சம். பேசுறவங்களே பேசுறாங்க. சின்னவங்க எல்லாரும் ஒரு தடவையாவது எழுந்து பேசுற மாதிரி மாத்தணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். நன்றிகூடச் சொல்லவில்லை.

வாக்குச் சீட்டில் வக்கீல் தன் பெயருக்கு நேராகவே குறி போட்டாள். விட்டுக்கொடுக்கவும் தோன்றவில்லை, ஜெயிக்கவும் தோன்றவில்லை. கை போட்டது. முடிவைச் சொன்னபோது மிஸ் அவள் பக்கம் பார்க்காமலே சொன்னார். சோடா நல்ல வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான். அவன்தான் அழுதான். அவள் அவன் கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, "மூக்கச் சிந்துடா, பொதுச் செயலாளரே" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான தேர்தல்னு சொன்ன?"

அம்மா அதை நினைவில் வைத்திருந்தது வக்கீலுக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆமா. தோத்துட்டேன்."

"தோத்துட்டியா? அந்த மிஸ்ஸு போன் பண்ணி, போட்டியே இல்ல, இவதான்னு சொன்னாங்களே."

"நான்தான் அவன மறுபடி நிக்கச் சொன்னேன்."

கத்தி நின்றது. "நீ சொன்னியா?"

"ஆமா. அப்புறம் எதுக்குப் பதவி வேணும்னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன்."

அம்மா திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டி, உனக்கு மண்டையில என்னதான் இருக்கு? ஓட்டுக் கேக்கப் போன எடத்துல யாராவது தெரியலன்னு சொல்லுவாங்களா? கையில இருந்தத தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாரு!"

"தெரியாததத் தெரியும்னு சொல்லச் சொல்றியா?"

"ஊரு உலகத்துல பின்ன என்ன சொல்றாங்களாம்? வாயில்லாத பிள்ளையா நீ? ஒரு சொம்புத் தண்ணிக்கு ஒம்பது நியாயம் பேசுறவ!"

"அதெல்லாம் எப்பவோ பேசினது."

"எப்பவோவா? எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்!"

"சும்மா கத்தாதம்மா."

"கத்துவேன்டி! அப்படித்தான் கத்துவேன்!"

குரல் உயர்ந்துகொண்டே போனது. வக்கீலும் விடவில்லை. சோடா சொன்ன பதில் நியாயமானது என்றாள். நியாயம் சோறு போடுமா என்றாள் அம்மா. இது சோறு போடுகிற பதவியே இல்லை என்றாள் மகள். அப்பா லுங்கியை இறுக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு இருவர் பேச்சையும் கேட்டார்.

ஒரு கட்டத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா வேறா தெரியவில்லை.

"அந்தப் பையன் யாரு? கண்ணாடி போட்டவனா?"

"ஆமா."

"நல்லா நடத்துவானா?"

"நடத்துவான். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி."

"அப்ப நீ கூட நில்லு" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வக்கீல் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஆனால் தொண்டை வலித்தது, கத்தினால் வலிக்குமே அந்த வலி. எச்சில் விழுங்கிப் பார்த்தாள். வலித்தது. இன்னொரு முறை விழுங்கினாள்.

மாநாட்டில் ஆழ்கடல் மீன்பிடிப்புக் குழுவுக்கு அவளைத் தலைவராகப் போட்டான் சோடா. சின்னப் பிள்ளைகளெல்லாம் எழுந்து பேசினார்கள். சிலர் எழுந்து நின்றுவிட்டுப் பேசாமலே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அவள் நேரம் கொடுத்துக் காத்திருந்தாள்.