மூத்தவன் பிரிக்க, இளையவன் எடுக்க

கிருபானந்தனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மொன்றியல் டவுன்டவுனில் ஒரே உணவகத்தில் பதின்மூன்று வருடமாகக் கோப்பை கழுவுகிறவனுடைய இடுப்பு வேறெப்படி இருக்கும்? சோபாவில் சாய்ந்தால் எழும்ப முடியாது என்று குசினி நிலத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். மேசையில் மகள் சாருஜா தன் பல்கலைக்கழகக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய ஜெர்மன் பிரபு வம்சங்களும் அவர்களுடைய நிலங்களும்.

"ஒரு குடும்பத்தில எல்லா ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் ஹைன்றிக் எண்டுதான் பேர், அப்பா. நம்பர் மட்டும் மாறும்."

"வேற பேர் கிடைக்கேல்லையாமோ? விசரங்கள்."

தலைமுறைக்குத் தலைமுறை அண்ணன் தம்பிமார் நாட்டை வெட்டிக் கூறுபோட்டிருக்கிறார்கள். கிருபானந்தனுக்கு எரிச்சல் ஏறியது. ஊரில், அளவெட்டியில் அப்பர் விட்டுப்போன ஒன்பது பரப்புக் காணியை அவனும் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கும் தம்பி சிவராசாவும் பதினொரு வருடமாகப் பிரிக்க முடியாமல் நிற்கிறார்கள். றோட்டோரத்து முன்பாதி இரண்டு பேருக்கும் வேண்டும். இடுப்பு முழுதாக முறியுமுன் அதில் இரண்டறை வீடு கட்டிப் போய்க் குந்திவிட வேண்டும். கோப்பை கழுவாத காலைப்பொழுது, அவ்வளவுதான் அவன் கேட்பது.

"சக்சனி எண்ட நாட்டில ஏர்ன்ஸ்ட், அல்பிறெக்ட் எண்டு ரெண்டு சகோதரம். அவையின்ர வழக்கப்படி மூத்தவர் ரெண்டாப் பிரிக்கவேணும், இளையவர் விரும்பினதை எடுக்கவேணும்."

கிடந்தவன் தலையைத் தூக்கினான். "திருப்பிச் சொல்லு."

சொன்னாள். "மிச்சத்தையும் கேளுங்கோ அப்பா..."

"மிச்சம் ஆருக்கு வேணும்? சித்தப்பாவுக்குப் போனைப் போடு!"

தம்பி சம்மதித்தான். பரப்புக் கூடின பக்கத்தைத்தான் அவன் எடுப்பான் என்பது கிருபானந்தனின் கணக்கு. காணியின் வரைபடத்தில் முன்காணிக்கு மூன்றரைப் பரப்பு விட்டான். பின்காணிக்கு ஐந்தரை, கிணறு, மாமரங்கள் எல்லாம். பின்காணிக்காரன் றோட்டுக்கு எப்படி வருவான் என்று யோசித்தான். யோசித்துவிட்டு, அது அவன்பாடு என்று பாதை விடாமல் கோட்டை நேராக இழுத்தான். தம்பி பிறகு கதை மாற்றக்கூடாதென்று தன் கையெழுத்தையும் முதலே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாருஜாவோடு புரோசார்டுக்குப் போனான்.

சிவராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தான். தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தான்.

"நீ எப்பவும் கூடினதைத்தானே எடுக்கிறனி. எடு," என்றான் கிருபானந்தன்.

"முன்காணி எனக்கு, அண்ணை."

"டேய், கிணறு பின்னால! ஐஞ்சரைப் பரப்படா!"

"ஓம், நல்ல கிணறு. ஆசைதீரக் குளியுங்கோ."

"நான் எதுக்குள்ளால போறது? பாதை?"

"கோட்டைக் கீறினது நீங்கள். பாதையை எங்க கீறியிருக்கிறியள், காட்டுங்கோ பாப்பம்."

"உனக்கு வெட்கமில்லையோ?"

"என்னைப் பறந்து போகச்சொல்லிக் கீறேக்க உங்களுக்கு இருந்ததோ?"

சிவராசா அண்ணனின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் வைத்தான்.

திரும்புகையில் சாருஜா கார் ஓட்டினாள். பாலம் தாண்டியதும் கிருபானந்தன் கேட்டான்.

"அந்த மூத்தவனுக்கு என்ன நடந்தது?"

"அவர் தனக்கெண்டு நினைச்ச பக்கத்தைத் தம்பி எடுத்திட்டார். பிரிஞ்ச ரெண்டு வம்சமும் பேந்து சேரவே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தனான்."

"சொல்ல வந்தனி எண்டால் சொல்லி முடிக்கவேணும்!"

"போனைப் போடு எண்டு கத்தினது ஆர்?"

அவன் போனை எடுத்துத் தம்பியை அழைத்துப் பாதை கேட்டான். சிவராசா சிரித்தான். "பாதை தராமல் விடுவனே? பன்னிரண்டடி தாறன், அண்ணை. எழுதியே தாறன்."

"எப்ப?"

"பேந்து."

அந்தப் 'பிறகு' சொன்னது சித்திரையில். இப்போது மார்கழி. பின்காணிக்குப் பன்னிரண்டடிப் பாதை தம்பி எழுதித் தரவேண்டும். இன்னும் தரவில்லை.