சண்டைப் படம் யாருக்கு?

என் வீட்டுக்காரர் கதிரவேலுவுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். இது எனக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியில் அவர் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி, ஈப்போவில் யாழ்ப்பாணத்தார் சங்கம் ஒன்றின் தலைவர். போன மாதம்தான் மேடையேறி, நம் பிள்ளைகளைக் கெடுப்பதே இந்த அடிதடிப் படங்களும் பாட்டுகளும்தான் என்று முழங்கினார். பத்திரிகையில் புகைப்படத்தோடு வந்தது. அன்று மத்தியானமே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குத்துச்சண்டை பார்த்தார். காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு. நாற்காலி கிறீச்சிடுவது எனக்குக் கேட்காதா?

கைப்பேசியிலேயே பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் மகள் பிரதீபாவின் கணக்கில்தான் படம் பார்க்கிறோம். யார் எதைப் பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "அப்பா, இதெல்லாம் நீங்களா பாத்தது?" என்று கோலாலம்பூரிலிருந்து அவள் கேட்ட அன்றோடு மனிதர் டிவிடிக்குத் திரும்பிவிட்டார். ஈப்போவில் வாங்கினால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவார். அதனால் கொய்யாப்பழம் வாங்குகிற சாக்கில், கொய்யாவுக்குப் பேர்போன பீடோர் ஊருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பீடோரில் நஜ்முதீன் என்பவர் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கைப்பேசிக்குப் பணம் ஏற்றுவார், பின்பக்கம் டிவிடி விற்பார். சண்டைக்கென்றே தனி அடுக்கு இருந்தது. படங்கள், உறுமி மேளம் முழங்கும் சண்டைப் பாட்டுகள், சுற்றுவட்டாரத் தோட்டத் திருவிழாக்களில் எடுத்த சிலம்பப் போட்டிகள். என் வீட்டுக்காரருக்குக் கை ஓயவில்லை. பை நிறைய அள்ளிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

நஜ்முதீன் அவரை உற்றுப் பார்த்தார். "சார், ஒங்கள பேப்பர்ல பாத்தேன்லா. சண்டப் படம் வேணாம்னு பேசுனீங்களே?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது.

"எனக்கில்ல. தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கு. எங்க சங்கத்துல மாசாமாசம் போய்க் குடுக்கிறோம்."

எங்கள் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், கேலிக்கு மட்டும்தான் அந்தப் பெயரை வாயில் எடுப்போம். நிஜமாக எடுத்தால் பேச்சு நின்றுவிடும். அது தெரிந்துதான் சொன்னார். மனநோயாளிகளுக்கு எதற்கையா அடிதடி என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. நஜ்முதீன் முகமே மாறிவிட்டது. "பாயார் வேணாம் சார். நல்ல காரியம்," என்று நீட்டிய பணத்தைத் திருப்பித் தள்ளினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பணம் ஏற்ற வந்து நின்ற ஓர் அம்மா எங்கள் பக்கம் வந்தார். செம்பனைத் தோட்டத்து வேலைச் சட்டை, தலையில் துண்டு.

"ஐயா, நீங்க அங்க உள்ளுக்கே போவீங்களா?"

"ம்... போவோம்."

"என் மவன் அர்ச்சுனன் அங்கதான்யா இருக்கான்."

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு வாய் பிளந்தது. அதே தோட்டத்துக்காரி போலிருக்கிறது. "என்னா முத்தம்மாக்கா, சிங்கப்பூர்ல வேல செய்றான்னு சொன்னீங்க?"

"பொய்தான்டி சொன்னேன். உண்மையச் சொன்னா தோட்டமே என்னா பேசும்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸுல போனா யாராச்சும் பாத்துருவாங்கன்னு தீவாளிக்குக்கூடப் போவல. இந்தப் பெரிய மனுசரு நாலு பேரு முன்னால அந்தப் பேர வாய்விட்டுச் சொல்றாரு. பெத்தவ எனக்கு என்னாடி வெக்கம்?"

சொல்லிவிட்டு முத்தம்மா அடுக்கில் தேடி ஒரு சிலம்பப் போட்டி டிவிடியை எடுத்து எங்கள் பைக்குள் வைத்தார். "இதுல அவன் கம்பு சுத்துறான்யா. நல்லா இருந்தப்ப எடுத்தது. அவனுக்குப் போட்டுக் காட்டுங்க. எந்த வார்டுக்குப் போவீங்க?"

"அது... எல்லா வார்டுக்கும்."

"காருல எடம் இருந்தா நானும் வாரேன்யா. ஒங்ககூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். இனி வாயைத் திறந்தால் அடுத்த பொய்தான் வரும் என்று எனக்குத் தெரியும். முழங்கையில் நறுக்கென்று கிள்ளி, "உண்மையச் சொல்லுங்கோ," என்றேன்.

"அம்மா, நாங்க அங்க போனதே இல்ல," என்றார், தரையைப் பார்த்தபடி. "இந்தப் படமெல்லாம் எனக்குத்தான்."

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. தோட்டத்துப் பெண் அதற்குள் கைப்பேசியில் யாருக்கோ தட்டிக்கொண்டிருந்தாள். முத்தம்மா அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குய்யா சொன்னேன்?"

கோபத்தில் கேட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நாங்கள் எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்து, அந்த அம்மா கட்டிக் காத்ததைக் கலைத்துவிட்டோம்.

"வாங்கம்மா, இப்பவே எங்க காருல போலாம்," என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

முத்தம்மா எங்கள் பைக்குள் கைவிட்டுத் தன் மகனின் டிவிடியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. பஸ்ஸுலயே போயிக்கிறேன். இனிமே யாரு பாத்தா என்னா?"

சாலையைக் கடந்து, பஸ் நிற்கும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் போய் நின்றார்.