ஆண்டின் தலைசிறந்த வாடிக்கையாளர்

வாடிக்கையாளர் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பிரபல இணையக் கடையின் இவ்வாண்டுத் தலைசிறந்த வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். மேலே கோட்டும் கீழே அரைக்கால் சட்டையுமாக அவர் இரண்டாம் மாடி வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருந்தார். சான்றிதழுக்குப் படம் கேட்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே போதும்.

அவர் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. மின்னஞ்சல் 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்ததுமே மனிதர் பாதி கரைந்துவிட்டார். சங்கச் செயலாளர்கூட அவரை அப்படி விளித்ததில்லை. பரிசு, சுவரை அடைக்கிற டிவி. அனுப்புகிற செலவுக்கு ஏதோ சில்லறை கட்டினால் போதும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள். தவறினால் பட்டம் அடுத்தவருக்கு. அடுத்தவர் என்றதும் தலைவருக்கு மைத்துனனின் முகம்தான் ஞாபகம் வந்தது. மளமளவென்று அட்டை எண்ணைத் தட்டிவிட்டார்.

வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. மனைவியின் சம்பளம் அதில்தான் விழும். ஓடிபி வருவதும் அவள் போனுக்குத்தான்.

"ஏம்மா, பரிசு டிவிக்கு டெலிவரி செலவு கட்டறேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "டெலிவரி செலவுன்னு சொன்னீங்க? கணக்குல இருக்கறதுல முக்காவாசியை எடுக்கன்னு ஓடிபி வந்திருக்கு."

"சிஸ்டம் அப்படித்தான் காட்டும். சொல்லு, நேரம் போகுது."

"போகட்டும்."

அவள் மின்னஞ்சலை ஒரு பார்வை பார்த்தாள்; அதில் எதையும் தொடவில்லை. தன் போனில் கடையின் ஆப்பைத் திறந்து தலைவரின் கணக்கைப் பார்த்தாள்.

"இங்க பட்டமும் இல்ல, டிவியும் இல்ல. இந்த வருஷம் பூரா நீங்க வாங்கினது ஒரு டாய்லெட் பிரஷ். அதையும் திருப்பி அனுப்பிட்டீங்க."

"முடி கொட்டுச்சு."

"அதுக்கா பட்டம் குடுக்கறான்? அனுப்பின அட்ரஸைப் பாருங்க, கடைப் பேரே அதுல இல்ல. நிஜக் கடைக்காரன் உங்க பேரைப் போட்டுத்தான் எழுதுவான். இவனுக்கு உங்க பேரே தெரியல."

"தெரியும். பெரிய மனுஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுங்கற மரியாதை."

அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். அட்டையின் பின்பக்கம் இருந்த எண்ணைப் பார்த்து வங்கிக்குப் போன் போட்டாள். அட்டை முடங்கியது, சம்பளம் தப்பியது.

தலைவர் கோட்டைக் கழற்றவில்லை. "உன் தம்பிக்குக் கிடைச்சிருந்தா இப்படித் தடுப்பியா? வயித்தெரிச்சல் பிடிச்ச குடும்பம்."

தம்பியிடமிருந்தே அப்போது செய்தி வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, தலைசிறந்த வாடிக்கையாளர்னு எனக்கு ஒரு ஃபிராடு மெயில் வந்திருக்கு. பெருமதிப்பிற்குரியவராம். மச்சான்கிட்ட சொல்லி வை."

மைத்துனன் அந்தக் கடையில் இதுவரை ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை.