காலி மனை

ஆலைக்குப் புகை விடக் காற்று அனுமதி கிடைத்த மறுநாள் காலையிலிருந்து அதன் புகை ஒற்றைப்புருவம் என்கிறவனின் வீட்டின் மேல் மட்டுமே இறங்கியது. பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் வெள்ளைச் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது; அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். சுவரின் தலையில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் சுண்ணாம்பு. இறங்கியதும் சாதாரணக் கரித்தூள் இல்லை, மாவைவிட மெல்லிசு. மூடிய பானைக்குள் போனது, மூடிய இமைக்குள் போனது, துடைத்தால் துணியில் புகுந்து மறுபக்கம் வந்து உட்கார்ந்தது. வரிசை வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை, அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஒற்றைப்புருவம் அதே ஆலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். ஒரு தடவை உலைக்கதவைத் திறந்தபோது தீ நாக்கை நீட்டி வலது புருவத்தை நக்கிக்கொண்டு போய்விட்டது. புருவம் திரும்ப முளைக்கவில்லை, பெயர் முளைத்துவிட்டது. ஆலையின் பின்மதிலை ஒட்டிய புறம்போக்கில் அவனும் மனைவியும் செங்கல் சுமந்து தாங்களே கட்டிய வீடு அது. அந்த வரிசையில் எந்த வீட்டுக்கும் காகிதம் கிடையாது. அளவு நாடாவோடு ஒருவன் வந்தால் பின்னாலேயே இடிக்கிற வண்டி வரும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். நாடா கண்ணில் பட்டதும் முதல் வீட்டு டீக்கடைக்காரி தகரத்தைத் தட்டுவாள். கொடித்துணி உள்ளே போகும், அடுப்பில் தண்ணீர் விழும், சட்டிபானை மேல் சாக்கு விழும். கதவுக்கு வெளியே பூட்டு, உள்ளே ஆள், மூச்சுச் சத்தம்கூட வராது.

ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்ட வருஷம் அப்படி ஒரு அளவைக்காரர் வந்தார். அவர் இடிக்க வந்தவர் இல்லை. புகைபோக்கியின் நுண்தூசி எந்த இடத்தில் அதிகமாக இறங்கும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு எடுத்து வந்திருந்தார். வட்டத்துக்குள் மனிதர் குடியிருந்தால் அளவு மீறுகிறது, வடிகட்டி வைக்காமல் அனுமதி கிடையாது. யாரும் இல்லையென்றால் ஆட்சேபணை இல்லை. இதுதான் விதி. இதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வட்டத்துக்குள் விழுந்தது ஒரே ஒரு வீடு. அதன் பூட்டுக்கு முன்னால் வழிப்போக்கன் மாதிரி பல் குத்திக்கொண்டு நின்ற ஒற்றைப்புருவத்திடம், இது யார் வீடு என்று மட்டும் கேட்டார்.

"வீடா? காலி மனைங்க. பழைய சாக்கு போட்டு வெச்சிருக்காங்க."

உள்ளே அவன் மனைவி வாயில் துணியைத் திணித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆலைக்குச் சாக்கு தைத்துக் கொடுப்பது அவள்தான். நாடா போனதும், "நான் ஒனக்குப் பழைய சாக்காய்யா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றைக்கு வரிசை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

புகை சட்டத்தை மதிக்கும் புகையாக இருந்தது. அனுமதியில் எழுதியபடி வட்டத்துக்குள் இறங்கியது, ஒரு விரற்கடை தள்ளி இறங்கவில்லை. ஊரில் வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. டிரைவரின் மகளுக்குப் பிறந்ததிலிருந்து இருந்த மூச்சிளைப்பு நின்றுபோனது. "மொதலாளிக்கே இல்லாத தனி வானம் ஒங்களுக்குண்ணே" என்று டிரைவர் சுவருக்கு மேலாகக் கேலி பேசினான். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஒற்றைப்புருவம் உலையில் ஒரு மண்வெட்டி கூடுதலாகக் கரி வாரிப் போட்டால், வீட்டில் அவள் ஒரு இருமல் கூடுதலாக இருமினாள். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. போடாவிட்டால் போடுவதற்கு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள் என்பதும் தெரிந்தே இருந்தது. வேறு எங்காவது போய்விடலாம் என்றால், "கட்டுன வீட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரல" என்பாள்.

அவன் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "வீடு இருக்குன்னு எழுதிடலாம். எழுதுனா மொதல்ல அத இடிக்கணும், காகிதம் இல்லாத கட்டடம். அப்புறம் வட்டத்த நகர்த்தணும். யார் வீட்டு மேல வைக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். வடிகட்டியைப் பற்றி அவன் கேட்டான். அது வட்டத்துக்குள் ஆள் இருந்தால்தான் என்றார். வீட்டை இடித்த பிறகு ஆள் ஏது? அவன் எழுந்து வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு காலி மனை, குடியிருப்போர் இல்லை என்று அனுமதியில் எழுதியிருந்த மற்ற வரிகளும் உண்மையாகத் தொடங்கின. தபால்காரர் அந்த வாசலைத் தாண்டிப் போனார். ஆள்கணக்கு எடுக்க வந்தவள் டிரைவர் வீட்டை எழுதிவிட்டு அடுத்த எண்ணை அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். சாக்கு வாங்க வந்தவன், தைத்து அடுக்கியிருந்ததை எடுத்துக்கொண்டு, கூலி கொடுக்க ஆளைக் காணாமல் போய்விட்டான். அவள் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைப்புருவத்தை ஆலையில் எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் விழுந்திருந்த சாம்பல் கோட்டைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைத்தால் தெரியவில்லை. இருமல் முற்றிய ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். கோட்டுக்கு வெளியே வந்த விரல்கள் நல்ல காற்றில் மெல்லக் கரைந்தன. சட்டென்று உள்ளே தள்ளிவிட்டான். தூசி கூடி விரல்கள் திரும்ப வந்தன. அதற்குள் அவள் பெரும்பாலும் அந்தத் தூசியால் ஆனவளாகவே இருந்தாள்.

அனுமதியைப் புதுப்பிக்க அதிகாரிகள் வந்த அன்று டீக்கடைக்காரி தகரத்தைத் தட்டவில்லை. ஒற்றைப்புருவம் வேலைக்குப் போகாமல் கோட்டுக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்றான்.

"ஐயா, இது என் வீடு. உள்ள என் பொண்டாட்டி இருக்கா. இடிச்சாலும் பரவால்ல, இருக்கான்னு எழுதுங்க."

அதிகாரி பார்த்தார். சாம்பல் மேடு தெரிந்தது. திரும்பி வரிசைக்காரர்களைப் பார்த்தார். எல்லாரும் கூடியிருந்தார்கள். டிரைவர் தன் மகளைப் பார்த்தான், பிறகு கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தான்.

"காலி மனைதாங்க" என்றான். "பழைய சாக்கு போட்டு வெச்சிருக்காங்க."

மேட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"காத்துங்க" என்றாள் டீக்கடைக்காரி.

 ஒற்றைப்புருவம் டிரைவரின் முகத்தைப் பார்த்தான். அந்த வார்த்தைகளை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்று நினைத்தானோ என்னவோ. செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாய்லருக்கு வேறு ஆள் போட்டார்கள்.

அனுமதி அதன் பிறகும் பல முறை புதுப்பிக்கப்பட்டது. இப்போது யாரும் வந்து கேட்பதில்லை. வரிசையில் பிள்ளைகள் மூக்கொழுகாமல் வளர்கிறார்கள். டீக்கடைக்காரி காலையில் கோட்டின் மேல் இரண்டு கிளாஸ் டீ வைத்துவிட்டுப் போகிறாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எடுக்கும்போது புடவையில் ஒரு துடைப்பு துடைத்துக்கொள்வாள். டிரைவரின் மகள் வளர்ந்து, கல்யாணமாகி, தன் மகனோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குரலில் இருமல் கேட்டுவிட்டு, அங்க யாரும்மா என்று பையன் கத்திக் கேட்டான். அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"அங்க யாரும் இல்லடா. மெதுவாப் பேசு, அவங்க தூங்குற நேரம்."